முதல் நூல் எது? சிலுவைப் போர் வரலாற்றில் நுழைவோர்க்குச் சில சொற்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



கவிஞர்கள் கூடிய அவையில் சிலுவைப் போர்களைப் பற்றிய அறிமுக நூல்கள் குறித்து ஓர் உரையா என்னும் ஐயம் எழுவது இயல்பே. வரலாற்றுத் துறை மாணவர்க்கு உரிய பேச்சன்றோ இது என்று கேட்கவும் கேட்கலாம். ஆயினும், ஆர்வத்தின் பொருட்டு ஒரு வரலாற்று நூலைக் கையில் எடுக்கும் பொது வாசகனுக்கே இத்தெரிவு மிகுதியும் இன்றியமையாததாகிறது. துறை மாணவனுக்கு ஆசிரியர் உண்டு. ஒரு நூலின் சாய்வை மற்றொரு நூலால் நேர்செய்யும் பாடத்திட்டம் உண்டு. பொது வாசகன் தனித்து நிற்கிறான். அவன் முதலில் படிக்கும் நூலே, பெரும்பாலும், அப்பொருளில் அவன் இறுதியாகப் படிக்கும் நூலாகவும் அமைந்துவிடுகிறது. அந்த ஒரு நூல் யாருக்காக இரங்கச் சொன்னதோ அவருக்காகவே அவன் வாழ்நாள் முழுதும் இரங்குகிறான்.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பயங்கரவாதத்துக்கு எதிரான தம் போரைச் சிலுவைப் போர் என்று பொருள்படும் சொல்லால் குறித்தார். ஆங்கிலத்தில் அச்சொல் நெடுங்காலமாக நல்ல நோக்கத்துக்கான எவ்வகை இயக்கத்தையும் குறிக்கும் வழக்குச் சொல்லாகத் தேய்ந்துவிட்டது. மது ஒழிப்புக்கும் அச்சொல்தான், எழுத்தறிவுக்கும் அச்சொல்தான். அரபு உலகின் செவியில் அது அவ்வாறு விழவில்லை. இரண்டு நாட்களில் வெள்ளை மாளிகை வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. ஒரே சொல்லைக் கேட்ட இரு சாராரும் வெவ்வேறு முதல் நூல்களைப் படித்து வளர்ந்தவர்கள் என்பதே இதற்கு விளக்கம்.

நூலைத் தெரிவு செய்ய அதனை முழுதும் படித்தாக வேண்டும் என்பதில்லை. நூலகத்தில் நின்றபடியே சில பக்கங்களைப் புரட்டினால் போதும். அவற்றுள் முதலாவது, முதற்காட்சி. ஒரு பாடலை எங்கே தொடங்குவது என்பதில் கவிஞன் எத்துணை நேரம் செலவிடுகிறான் என்பதை இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரலாற்றாசிரியனும் அவ்வாறே. ஸ்டீவன் ரன்சிமனின் மூன்று தொகுதிகள் 638ஆம் ஆண்டில், கலீஃபா உமர் எருசலேமுக்குள் நுழையும் காட்சியோடு தொடங்குகின்றன. அமீன் மாலூஃபின் நூல் 1099ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், பாக்தாதில், அகதிகளோடு வந்த நீதிபதி அல்-ஹரவி கலீஃபாவின் அவைக்குள் ஆவேசத்துடன் புகும் காட்சியோடு தொடங்குகிறது. பாடநூல்கள் பலவும் 1095ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் பிரான்சின் கிளெர்மோன் நகரில் போப்பாண்டவர் இரண்டாம் உர்பான் நிகழ்த்திய சொற்பொழிவில் தொடங்குகின்றன. பீட்டர் ஃபிராங்கோபன் 2012இல் வெளியிட்ட நூலோ, அச்சொற்பொழிவுக்கும் முன்னால் சென்று, துருக்கியரால் நெருக்குண்டு மேற்கின் உதவியை வேண்டிய பைசாந்தியப் பேரரசர் அலெக்சியோசின் மீது தன் பாரத்தை வைக்கிறது.

638இல் தொடங்கினால் இப்போர் ஒரு நெடிய கதையின் நடுப்பகுதி. 1095இல் தொடங்கினால் ஓர் எழுச்சி. 1099இல் தொடங்கினால் ஒரு பேரிடர். இம்மூன்றுள் எதுவும் பொய்யன்று. ஆனால் நூலை எடுத்த வாசகன் தான் எந்த வாயில் வழியாக உள்ளே அழைத்துச் செல்லப்படுகிறான் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். அரபு வரலாற்றாசிரியர் இப்னு அல்-அஸீர் வேறொரு வாயிலைக் காட்டுகிறார். 1160 முதல் 1233 வரை வாழ்ந்த அவர், பிராங்குகளின் படையெழுச்சியை ஸ்பெயினில் 1085இல் டொலேடோ வீழ்ந்ததிலிருந்து எண்ணத் தொடங்கி, சிசிலி வழியாகச் சிரியாவுக்கு வருகிறார். அவருக்கும் ஒரு நூற்றாண்டு முன்னரே, 1105இல் திமிஷ்கு நகரில், அல்-சுலமி என்னும் அறிஞர் ஏறக்குறைய இதே வரிசையைச் சொல்லி எச்சரித்தார்; செவிகொடுத்தோர் மிகச் சிலரே. அண்மைக் காலத்தில் இவ்வாயிலைத் திறந்து வைத்தவர் பால் கோப். அவருடைய 'தி ரேஸ் ஃபார் பாரடைஸ்' 2014இல் வெளிவந்தது.

அடுத்துப் புரட்ட வேண்டிய பக்கம், முன்னர்ச் சொன்ன கிளெர்மோன் சொற்பொழிவுக்கு உரியது. ஓர் உரையின் எழுத்து வடிவம் பற்றிய செய்தி ஆதலின் இம்மலருக்கும் அது பொருத்தமே. உர்பான் என்ன பேசினார் என்பதற்கு உரிய மூலப்படி எதுவும் இல்லை. ஷார்த்ர் நகரத்து ஃபுல்ஷேர், துறவி ராபர்ட், தோல் நகரத்து பால்ட்ரிக், நோஜானின் கிபேர் ஆகியோர் தத்தம் நூல்களில் அவ்வுரையைத் தருகின்றனர். நால்வரும் எருசலேம் பிடிபட்ட பிறகு எழுதியவர்கள். முடிவு தெரிந்தபின் தொடக்கத்தை எழுதியவர்கள். அதனால் நான்கு உரைகளும் நான்கு விதம். ஃபுல்ஷேர் தரும் உரையில் எருசலேமின் பெயரே இல்லை. கீழைக் கிறித்தவரின் துயர் துடைக்கும் அழைப்பாகவே அது நிற்கிறது. ராபர்ட் தரும் உரையிலோ எருசலேமே மையம். கூட்டத்தின் முழக்கமும் அங்கேதான் கேட்கிறது. நாடகத்தன்மை மிக்கது ராபர்ட்டின் வடிவம் என்பதால் எளிய நூல்கள் அதனையே எடுத்து, போப்பாண்டவர் இவ்வாறு பேசினார் என்று ஐயமின்றி அச்சிட்டுவிடுகின்றன. நான்கு வடிவங்கள் உண்டு, அவை தம்முள் மாறுபடுகின்றன என்று ஒரு வரியேனும் சொல்லாத நூலை வந்த இடத்திலேயே வைத்துவிடலாம். அளவில் சிறிய நூல் என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. ஒரு வரிக்கு இடமில்லாத நூல் எங்கும் இல்லை.

மூன்றாவது பக்கம் 1099ஆம் ஆண்டு ஜூலை 15. நகரின் மதிலைக் கடந்து சிலுவைப் படை உள்ளே புகுந்த நாள். அன்று நிகழ்ந்த படுகொலையை எந்நூலும் மறைப்பதில்லை. எப்படிச் சொல்கிறது என்பதே நோக்கத்தக்கது. படையோடு உடன் சென்ற அகிலேரின் ரெய்மோன், கோயில் வளாகத்தில் குருதி குதிரைகளின் கடிவாளம் வரை எழுந்தது என்று பொருள்பட எழுதினார். இதனை நேர்ச்சாட்சியின் கணக்கு என்றெண்ணி எடுத்தாண்ட நூல்கள் ஏராளம். ஆனால் அது அளவையன்று, உவமையும் அன்று. விவிலியத்தின் இறுதி நூலாகிய வெளிப்படுத்தின விசேஷத்தின் பதினான்காம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்ட படிமம். இறுதிநாள் தண்டனை நிறைவேறியதாக அவர் கண்டார்; கண்டதை மறைநூலின் மொழியில் சொன்னார். கொன்றவரின் பக்கத்திலிருந்தே, பெருமிதத்தோடு எழுதப்பட்ட வரி அது. பிற்காலத்தில் கொன்றவரைப் பழிக்க அதே வரி பயன்பட்டது. படிமத்தின் இயல்பு அறிந்தோர்க்கு இதில் வியப்பிருக்காது. வரலாற்று நூலாசிரியர் பலர் இதனைக் கண்டுகொள்ளாமல் விட்டதுதான் வியப்பு.

எண்களும் அவ்வாறே. ஃபுல்ஷேர் கோயிலில் மட்டும் ஏறத்தாழ 10,000 பேர் என்கிறார். நூறாண்டு கடந்து எழுதிய இப்னு அல்-அஸீர், அல்-அக்ஸாவில் 70,000க்கும் மேல் என்கிறார். அந்நிகழ்ச்சிக்குச் சில ஆண்டுகள் முன்புவரை எருசலேமில் தங்கிக் கற்றவரும், சூஃபி ஞானி இப்னு அரபியினின்றும் வேறானவருமாகிய அந்தலூசிய அறிஞர் இப்னு அல்-அரபி 3,000 என்று குறிக்கிறார். இற்றைநாள் ஆய்வாளர் சிறிய எண்ணின் பக்கமே சாய்கின்றனர். மூவாயிரம் என்றால் கொடுமை குறைந்துவிடுமா என்பது வேறு வினா. தன் எண்ணை எங்கிருந்து பெற்றது என்று சொல்லும் நூலே நம்பத்தக்கது.

இப்பகுதியில் இன்னொரு செய்தியையும் தேடிப் பார்க்கலாம். கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக் கூடம் ஒன்றின் சேமிப்பறையில் கிடைத்த ஏடுகளுள், எருசலேம் வீழ்ந்த மறு ஆண்டில் அஸ்கலோன் நகரத்து யூதப் பெரியோர் எழுதிய மடல் ஒன்று உண்டு. சிறைப்பட்டோரைப் பணம் கொடுத்து மீட்டதையும், இன்னும் மீட்க வேண்டியோர்க்காகப் பொருள் தேவைப்படுவதையும் அது சொல்கிறது. மனிதரோடு மறைநூற் சுவடிகளும் நூற்றுக்கணக்கில் விலைகொடுத்து மீட்கப்பட்டன. நகரில் ஒருவரும் எஞ்சவில்லை என்னும் பழைய வாக்கியத்தை இம்மடல் திருத்துகிறது. கோய்ட்டைன் என்னும் அறிஞரின் உழைப்பால் இது இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வெளிச்சத்துக்கு வந்தது. அதனை அறியாத அறிமுக நூல் எத்துணை அழகாக எழுதப்பட்டிருந்தாலும் பழையது.

1096ஆம் ஆண்டுப் பகுதியை விரைவாகப் பார்த்தால் போதும். இருக்கிறதா இல்லையா என்பதே அங்குக் கேள்வி. கீழைநாட்டுக்குப் புறப்பட்ட கூட்டங்களுட் சில, வழியில் ரைன் ஆற்றங்கரை நகரங்களாகிய வோர்ம்ஸ், மைன்ஸ் முதலியவற்றில் யூதரை வெட்டி வீழ்த்தின. ஸ்பையர் நகரில் மட்டும் ஆயரின் தலையீட்டால் பெரும்பாலோர் தப்பினர். மதம் மாறுவதினும் தம் மக்களைத் தாமே கொன்று மடிவதை மேலாகக் கொண்ட குடும்பங்களைப் பற்றி எபிரேய வரலாற்றேடுகள் உரைக்கின்றன. அவற்றுள் ஒன்றை எழுதிய எலியேசர் பார் நாத்தான் உரைநடையின் இடையிடையே இரங்கற்பாக்களை வைத்தார். சில நூல்கள் இவை அனைத்தையும் ஒழுங்கற்ற கும்பலின் செயல் என்று ஒரு பத்தியில் ஒதுக்கிவிடுகின்றன. அக்கூட்டங்களில் பயிற்சி பெற்ற வீரரும் பிரபுக்களும் இருந்தனர் என்பது இன்று தெளிவாகிவிட்டது.

இனி, இவர்கள் ஏன் சென்றார்கள் என்பது. நிலமில்லாத இளைய மைந்தர் நிலம் தேடிச் சென்றனர் என்பது நெடுங்காலம் பாடநூல்களில் வழங்கிய விடை. கேட்பதற்கு அறிவுக்கு ஒத்ததாகத் தோன்றும். அதனாலேயே அது நிலைத்தது. ஜொனாதன் ரைலி-ஸ்மித் மடாலயங்களில் தங்கிக் கிடந்த அடமானப் பத்திரங்களையும் விற்பனைச் சாசனங்களையும் திரட்டிப் படித்தார். 1997இல் வெளிவந்த 'தி ஃபர்ஸ்ட் குருசேடர்ஸ்' அவ்வுழைப்பின் பயன். அதில் வேறொரு சித்திரம் எழுகிறது. ஒரு வீரனை அனுப்பி வைக்க அவன் ஆண்டு வருவாயைப் போல் பன்மடங்கு செலவாயிற்று. குடும்பங்கள் நிலத்தை விற்றும் அடகு வைத்தும் அனுப்பின. நார்மண்டியின் கோமகன் ராபர்ட் தன் கோமகவு முழுவதையும் 10,000 மார்க் வெள்ளிக்காகத் தம்பியாகிய இங்கிலாந்து மன்னனிடம் ஈடு வைத்துவிட்டுப் புறப்பட்டான். நகரைப் பிடித்த பின்னர் உயிர் தப்பியோரில் மிகப் பலர் ஊர் திரும்பினர். எருசலேமில் எஞ்சிய குதிரை வீரர் 300 பேர் அளவே என்று ஃபுல்ஷேர் வருந்துகிறார். நிலவேட்கை அறவே இல்லை என்பதன்று. முதற்காரணம் அதுவாக இருந்திருக்க இயலாது என்பதே. பாவ மன்னிப்பை நாடிய அச்சத்தையும் பக்தியையும் வெறும் போர்வை என்று தள்ளும் நூல், தன் காலத்து மனிதனை அக்காலத்து உடையில் நிறுத்துகிறது. அப்பக்தியே படுகொலைக்கும் ஊற்றாயிற்று என்பதைச் சொல்லத் தயங்கும் நூலோ, அம்மனிதனைத் துறவியாக்கிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே நடக்கத் தெரிந்த ஆசிரியர் குறைவு.

இந்த அளவைகளைக் கையில் கொண்டு நூல்களுக்கு வரலாம். ரன்சிமனைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 1951, 1952, 1954 ஆகிய ஆண்டுகளில் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட 'எ ஹிஸ்டரி ஆஃப் தி குருசேட்ஸ்' என்னும் அந்த மூன்று தொகுதிகளைப் போல் இப்பொருளில் அழகாக எழுதப்பட்ட நூல் ஆங்கிலத்தில் வேறில்லை. வரலாற்றைக் காப்பியமாக எழுதும் உரிமையை அவர் முன்னுரையிலேயே கோருகிறார். கோரியதை நிறைவேற்றியும் காட்டுகிறார். பாத்திரங்கள் நடமாடுகின்றனர், ஒவ்வோர் அதிகாரமும் ஒரு வீழ்ச்சியை நோக்கி இறங்குகிறது, இறுதியில் ஒரு நீதிபதியின் தீர்ப்பு. கடவுளின் பெயரால் நிகழ்ந்த நீண்ட சகிப்பின்மை என்பதே அத்தீர்ப்பின் சாரம். இலக்கிய வாசகர் எவரும் முதலில் இந்நூலின் பக்கமே ஈர்க்கப்படுவர். முதல் நூலாக இதனைக் கொள்ளலாகாது என்பதற்கும் அதுவே காரணம்.

ரன்சிமன் பைசாந்தியப் பேரரசின் வரலாற்றாசிரியர், அந்நாகரிகத்தின் காதலர். கான்ஸ்டாண்டிநோபிளின் மாளிகையில் நின்றே அவர் மேற்கிலிருந்து வரும் முரட்டுப் படைகளைப் பார்க்கிறார். பேரரசர் அலெக்சியோசின் மகளும், தந்தையின் வரலாற்றை எழுதியவருமான அன்னா கொம்னினாவின் பார்வையோடு அவர் பார்வை பல இடங்களில் ஒன்றிவிடுகிறது. 1204ஆம் ஆண்டு ஏப்ரலில் நான்காம் சிலுவைப் படை அந்நகரையே சூறையாடிய பகுதிக்கு வரும்போது அவர் சினம் எல்லை கடக்கிறது. சினத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் வெனிசின் கடன், குறித்தபடி வந்து சேராத படை, அரியணை இழந்த இளவரசனின் வாக்குறுதி, முன்னர் 1202இல் சாரா நகரில் செய்த முதல் தவறு என்று ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த தடுமாற்றங்களைச் சூழ்ச்சியின் சாயலில் படிக்க அவர் நடை வாசகரைப் பழக்கிவிடுகிறது. ஜொனாதன் ஃபிலிப்ஸ் 2004இல் அந்நிகழ்ச்சிக்கென்றே எழுதிய நூலைப் படித்தபின் இவ்வேறுபாடு விளங்கும். ரன்சிமன் தவறான செய்தி தருகிறார் என்பதன்று குறை. அவர் வாக்கியம் முடியும்போது வாசகரின் தீர்ப்பும் முடிந்துவிடுகிறது. இனிய ஓசைக்கு மறுப்புச் சொல்ல எவருக்கும் மனம் வராது. மூன்றாவது நூலாக அதனைப் படிக்கும் வாசகர் அதன் அழகை இழப்பதில்லை.

மாலூஃபின் 'அரபியர் கண்களில் சிலுவைப் போர்கள்' 1983இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்து மறு ஆண்டில் ஆங்கிலமாயிற்று. பெய்ரூத்தில் 1949இல் பிறந்து, பத்திரிகையாளராக வாழ்ந்து, பின்னர் நாவலாசிரியராகப் புகழ்பெற்றவர் அவர்; 2011இல் பிரெஞ்சு அகாதெமிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். நூலின் விரைவும் உயிர்த்துடிப்பும் எவரையும் ஈர்ப்பவை. அரபு ஏடுகள் கூறியவற்றையே தொடர்ந்து சொல்வது என்று அவர் தமக்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டார்; அவ்வெல்லைக்கு உண்மையாகவும் இருக்கிறார். எனவே இலத்தீன் ஏடுகளோடு ஒப்பிட்டுத் தீர்ப்பதை அதில் எதிர்பார்க்கலாகாது. முதல் நூலாக அன்றி, முதல் நூலை முடித்த அன்றே தொடங்க வேண்டிய இரண்டாம் நூலாக இதனைக் கருதலாம். நாட்கள் கழியவிட்டால் முதல் நூலின் வண்ணம் உலர்ந்துவிடும்.

அவ்வாறாயின் அந்த முதல் நூல் எது? இன்றைய நிலையில், தாமஸ் ஆஸ்பிரிட்ஜ் 2010இல் வெளியிட்ட 'தி குருசேட்ஸ்' என்பதே தக்க விடையாகத் தோன்றுகிறது. 1095 முதல், ஏக்கர் கோட்டை வீழ்ந்த 1291 வரை மட்டும், அதுவும் பாலஸ்தீனம், சிரியா, எகிப்து ஆகிய நிலங்களில் நடந்த போரை மட்டும் அது எடுத்துக்கொள்கிறது. சிலுவைப் படையின் பாசறையிலும் முஸ்லிம் அரசரின் அவையிலும் மாறி மாறி நின்று கதை சொல்கிறது. கிளெர்மோன் உரையின் வடிவங்களையும் எருசலேம் படுகொலையின் எண்களையும் அது மறைப்பதில்லை. இடைக்காலப் போருக்கும் இக்காலப் பகைக்கும் இடையே நேர்கோடு இல்லை, அக்கோடு பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் வரையப்பட்டது என்று முடிவில் வாதிடுகிறது. இவ்வாதத்துக்குச் சான்று தேடுவோர், சிலுவைப் போர்களைத் தனிப்பொருளாகக் கொண்டு அரபு மொழியில் எழுந்த முதல் நூல், அல்-ஹரீரி எழுதியது, 1899இல்தான் வெளிவந்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஆஸ்பிரிட்ஜின் நடை ரன்சிமனுடையதன்று. போர்க்களங்களின் வருணனை சில இடங்களில் நீள்கிறது. வாசகரை மயக்காத நடை முதல் நூலுக்கு ஒரு குணமே.

ஸ்பெயினிலும், பால்டிக் கரையிலும், தென்பிரான்சின் மாற்றுச் சமயத்தார் மீதும் நடந்த போர்களைச் சிலுவைப் போர் என்னலாமா என்பதில் அறிஞரிடையே பிணக்கு உண்டு. எருசலேமை நோக்கியதே சிலுவைப் போர் என்பார் ஹான்ஸ் மாயர் முதலியோர். போப்பாண்டவரின் ஆணையும் பாவ மன்னிப்பும் இருந்தால் திசை எதுவாயினும் சிலுவைப் போரே என்பார் ரைலி-ஸ்மித். ஆகவேதான் அவர் தம் கதையை மால்டாவை நெப்போலியன் கைப்பற்றிய 1798 வரை கொண்டுசெல்கிறார். பிணக்கை அறிய விரும்புவோர்க்கு 1977இல் அவர் எழுதிய 'வாட் வேர் தி குருசேட்ஸ்?' என்னும் மெல்லிய நூல் போதும். கிறிஸ்டோபர் டயர்மனின் 'காட்ஸ் வார்', 2006, ஆயிரம் பக்க அளவினது, ஆழம் மிக்கது, முதலில் எடுத்தவர் நூறாம் பக்கத்தில் நின்றுவிடக் கூடும். தாமஸ் மேடனின் சிறுநூல் தெளிவானது, ஒரே நாளில் படித்து முடிக்கத்தக்கது. ஆயினும் சிலுவை வீரரின் பக்தியை விளக்கும் ஆர்வத்தில் அவரால் வீழ்ந்தோரின் குரலுக்கு அதில் இடம் சுருங்கிவிடுகிறது. கரோல் ஹில்லன்பிராண்டின் 1999ஆம் ஆண்டு நூல் முஸ்லிம் பார்வைக்கு நிகரற்ற களஞ்சியம். பொருள்வாரியாக அமைந்ததாகலின் நிகழ்ச்சிகளின் வரிசை அறியாதவர் அதில் வழி தவறுவர். பழைய நூற்கடைகளில் கிடைக்கும் மிஷோவின் நூல், தொரே வரைந்த சித்திரங்களோடு, கண்ணுக்கு விருந்து. அது 19ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் பெருமிதத்தை அறியவே உதவும்.

சலாஹுத்தீன் பற்றிய பக்கங்களையும் ஒருமுறை ஒப்பிடலாம். 1187இல் எருசலேமை மீட்டபோது அவர் படுகொலைக்கு இடந்தரவில்லை; ஆடவர்க்குப் பத்துத் தீனார், பெண்டிர்க்கு ஐந்து என மீட்புப்பணம் விதித்தார். இதை எல்லா நூலும் சொல்லும். செலுத்த வழியற்ற ஏழைகள் ஆயிரக்கணக்கில் அடிமையாயினர் என்பதையும், அதே ஆண்டு ஹத்தீன் களத்தில் சிறைப்பட்ட ஆலய வீரரும் மருத்துவமனை வீரரும் அவர் கண்முன் தலை வெட்டப்பட்டனர் என்பதையும் எத்தனை நூல்கள் சொல்கின்றன? அக்கொலையை வருணித்தவர் அவருடைய செயலர் இமாத் அல்-தீன், புலவர். அடுக்கும் எதுகையும் செறிந்த அரபு உரைநடையில் அதனை ஒரு விழாவைப் போல் எழுதினார். இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டு 1191இல் ஏக்கரில் சிறையாளர் ஏறத்தாழ 2,700 பேரைக் கொன்றதைச் சொல்லிவிட்டு ஹத்தீனை விடுவதும், ஹத்தீனைச் சொல்லிவிட்டு ஏக்கரை விடுவதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள்.

இவற்றையெல்லாம் கடந்து மூலங்களின் பக்கம் வருவோர்க்குப் பிரான்செஸ்கோ கபிரியேலி தொகுத்த 'அராப் ஹிஸ்டோரியன்ஸ் ஆஃப் தி குருசேட்ஸ்' உண்டு. இத்தாலியத்தில் 1957, ஆங்கிலத்தில் 1969. அரபு இத்தாலியமாகி, இத்தாலியம் ஆங்கிலமானது. இருமுறை வடிகட்டிய நீர். ஆயினும் எருசலேம் வீழ்ச்சியைக் கூறுமிடத்தில் இப்னு அல்-அஸீர் தம் வரலாற்றை நிறுத்தி, அல்-அபீவர்தி என்னும் கவிஞரின் புலம்பலை அப்படியே எடுத்து வைத்திருப்பதை அங்குக் காணலாம். வரலாற்றின் நடுவே கவிதையைச் சான்றாக வைப்பது அவ்வாசிரியர்க்கு வழக்கமான செயல். இக்கால அறிமுக நூல்கள் அவ்வரிகளையே முதலில் வெட்டுகின்றன. அங்கே பக்கந்தோறும் வரும் 'இஃப்ரஞ்ச்' என்னும் சொல்லும் தமிழ்ச் செவிக்கு முற்றும் புதிதன்று. பிராங்குகளைக் குறித்த அச்சொல்லே பாரசீகத்தில் 'ஃபரங்கி' ஆகி, கடல் கடந்து வந்து தமிழில் பரங்கி ஆயிற்று. பரங்கிப்பேட்டையின் பெயரில் அது இன்றும் வாழ்கிறது.

உசாமா இப்னு முன்கித் இறுதியாகச் சொல்லத்தக்கவர். சிரியாவின் சைசர்க் கோட்டையில் 1095இல், உர்பான் பேசிய அதே ஆண்டில், பிறந்தார். 1188இல், எருசலேம் மீண்டதற்கு மறு ஆண்டில், இறந்தார். போரின் முதற்பகுதி முழுவதும் அவர் ஆயுளுக்குள் அடங்கிக் கிடக்கிறது. அவருடைய நினைவுக்குறிப்புகள் எஸ்கோரியல் நூலகத்தில் ஒரே ஒரு சுவடியாக எஞ்சி, 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கண்டெடுக்கப்பட்டன. பால் கோப் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2008இல் பெங்குவின் வரிசையில் வந்தது. எருசலேமில் அவர் தொழுதுகொண்டிருக்கையில் பிராங்கு ஒருவன் பாய்ந்து அவர் முகத்தைக் கிழக்கே திருப்புகிறான். அவருடைய நண்பர்களாகிய ஆலய வீரர்கள் அவனை இழுத்து அகற்றி, புதிதாக வந்தவன், அறியான் என்று பொறுத்தருளக் கேட்கின்றனர். இக்கதையைச் சமய நல்லிணக்கத்துக்குச் சான்றாக எடுத்தாளாத அறிமுக நூல் அரிது. உசாமாவோ அவையில் சுவைபடச் சொல்வதற்கென்று கதைகளைச் செதுக்கும் மரபில் வந்தவர். பிராங்கு மருத்துவனின் மூடச் சிகிச்சை பற்றி அவர் சொல்லும் கதையிலும் அச்செதுக்கல் தெரியும். அதை நினைவிற் கொண்டு படிப்பவர்க்கு அவர் மேலும் நெருக்கமாவார்.

1157ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சைசர்க் கோட்டை இடிந்தது. விழாவுக்காகக் கூடியிருந்த அவருடைய குலத்தார் ஏறக்குறைய அனைவரும் அதனடியில் மாண்டனர். உசாமா அப்போது ஊரில் இல்லை. பிராங்குகள் அரை நூற்றாண்டாக முயன்றும் கைக்கொள்ள இயலாத கோட்டை அது. அதன்பின் அவர் தொகுத்தது போர் வரலாறு அன்று. கைவிடப்பட்ட இருப்பிடங்களையும் பாழ்பட்ட வீடுகளையும் பற்றி முன்னோரும் சமகாலத்தவரும் பாடிய கவிதைகளைத் திரட்டி ஒரு நூலாக்கினார். அந்நூல் எந்த அறிமுகப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.